அத்தான் சுரண்டிப் பார்த்த வயர்

கடைக்காரர் வயர்ச் சுருளைத் தூக்கி மேசையில் வைத்து, "சுத்தச் செம்பு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். இந்தப் பேச்சை எங்கள் அத்தானிடம் போய் யாராவது சொல்வார்களா? அவர் அதற்குள் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துவிட்டார். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வயரின் நுனியைப் பிடித்து மேல்தோலை உரித்தார். உள்ளே இருந்த மெல்லிய கம்பிகளில் ஒன்றைப் பிரித்து, கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துச் சுரண்டினார். சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். மேலே செம்புப் பூச்சு பூசி விற்கிறார்கள் என்று அர்த்தம். அத்தான் சுரண்டினார், கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் பார்த்தார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், வந்து மறுபடியும் சுரண்டினார்.

"என்ன சார், உள்ளயும் சிவப்பாத்தானே இருக்கு?"

"இந்த நுனி சிவப்பா இருக்கு. சுருளோட நடுவுல?"

"நடுவுல எப்படி சார் மாறும்? ஒரே வயர்."

"மாறாதுன்னு என்ன நிச்சயம்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். நீண்ட தாடி வைத்த, பொறுமையான மனிதர். அவருடைய பொறுமைக்கு இன்னும் சோதனை பாக்கி இருந்தது என்பது பாவம் அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

என் அக்காவின் கணவருக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் சுரண்டி என்றுதான் பெயர். அவர் எதிரில் யாரும் சொல்ல மாட்டோம். பேருந்துப் பணிமனையில், வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்து உள்ளே அனுமதிக்கிற வேலை பார்த்தவர். பிரேக் கட்டை, பல்பு, போல்ட்டு, வயர் எதுவானாலும் அவர் கை படாமல் வண்டிக்குப் போகாது. "நான் ஒரு தடவை அசந்தா பஸ்ஸுல போற அத்தனை பேரும் போயிடுவாங்க" என்பார். அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஆனால் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லையே, அதுதான் எங்கள் தலைவிதி. புது சோபா வந்த அன்றைக்கு அதைக் குப்புறக் கவிழ்த்து, அடித்துணியைக் கிழித்து, உள்ளே நல்ல மரம்தானா என்று பார்த்தவர். நல்ல மரம்தான். அந்தக் கிழிசலை அக்கா உட்கார்ந்து தைத்தாள். பாங்கிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது போன் செய்தால் இவர் கேட்கிற கேள்வியில் நிஜமான பாங்குக்காரர்களே போனை வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

அக்கா இதற்கு நேர்மாறு. சட்டென்று முடிவெடுப்பாள், எடுத்ததை மாற்ற மாட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே வீட்டையும் ஒற்றை ஆளாய் ஓட்டினாள். ஃபியூஸ் போனால் அவள்தான் கட்டுவாள், குழாய் ஒழுகினால் அவள்தான் ஸ்பானரைத் தேடுவாள். அத்தான் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டு முடிப்பதற்குள் அக்கா அந்தக் காரியத்தையே முடித்திருப்பாள். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அக்காவின் கண்ணில் அழுத்த நோய் வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். இருந்தது என்ன? சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுதான். அதுவும் மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டே வந்தது. படுக்கையறையில் சுவரைத் தடவி நடந்துவிடுவாள், சமையலறையில் மேடையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டுக்கும் இடையில் இருக்கிற ஹால்தான் பிரச்சனை. பெரிய ஹால், நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. எதிர்ச் சுவரில் சமையலறைக்குப் போகும் வழியும், கீழே இறங்கும் படிக்கட்டின் வாயும் கிட்டத்தட்ட அடுத்தடுத்து இருக்கும். ஒரு நாள் சமையலறை என்று நினைத்துப் படிக்கட்டில் கால் வைத்துவிட்டாள். நல்ல வேளை, கைப்பிடி கிடைத்தது. இரண்டு படி சறுக்கி உட்கார்ந்ததோடு தப்பித்தாள்.

வெளியூரில் இருக்கும் மகள் அதைக் கேள்விப்பட்டதும் கொதித்துப்போனாள். "பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் நான் வண்டியோட வர்றேன். அதுக்குள்ள நீ அந்த வீட்ல பயமில்லாம தனியா நடக்கணும். இல்லைன்னா பெட்டியைக் கட்டு, என்கூடத்தான் இருக்கணும்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். மகள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அக்கா போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க சுவிட்சு எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும்டி. அங்க போனா நான் ஒரு மூலையில உட்கார்ந்த பொம்மைதான். என்னை அனுப்பிடாதடி."

என் அக்கா அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் பார்வை குறைந்தவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். வீட்டில் ஒவ்வொரு அறையிலும் ஒரே இடத்தில், சன்னமாக ஒரு சத்தம் எப்போதும் வந்துகொண்டிருந்தால், காது வழியைப் பழகிவிடும் என்றார். எப்படியும் ரேடியோ இல்லாமல் அக்காவுக்குப் பொழுது போகாது. வீடு முழுக்க ஸ்பீக்கர் வைத்துவிட்டால் செய்தியும் ஆச்சு, வழியும் ஆச்சு. அக்கா அங்கேயே முடிவெடுத்துவிட்டாள். வாங்குகிற பொறுப்பு அத்தானிடம் போனது. அங்கேதான் வந்தது வினை.

வயரே இல்லாத ஸ்பீக்கர் அனுப்புகிறேன், ஒரு நாளில் மாட்டிவிடலாம் என்றாள் மகள். அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"வயரே இல்லாம சத்தம் உள்ள வருதுன்னா, நாம பேசறதும் வயரே இல்லாம வெளிய போகும்ல?"

மகள் சலித்துப்போய் போனை வைத்துவிட்டாள்.

சரி, வயர் உள்ளதே வாங்குவோம் என்று கடை கடையாக ஏறினோம். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதைப் பாதி நாள் பூட்டிவிட்டு இவர் பின்னால் அலைந்தேன். ஸ்பீக்கரைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். முதுகுப் பக்கம் ஒரு திருகாணியைக் காட்டி, காந்தம் இழுக்கிறதா என்று பார்ப்பார். பெட்டியை விரல் முட்டியால் தட்டுவார். இத்தனை வாட் என்று அட்டையில் போட்டிருந்தால், "அட்டையில என்ன வேணா அச்சடிக்கலாம்" என்பார். பிரித்துக் காட்டச் சொல்வார். பிரிக்க மாட்டேன் என்றால், "பாத்தியா, உள்ள ஏதோ இருக்கு" என்று என் காதில் ஓதுவார். பிரிக்கிறேன் என்றாலோ, "இவ்வளவு சுலபமா பிரிக்கிறான்னா முன்னாடியே பிரிச்ச பழசு" என்பார்.

தூரம் கூடினால் வயரின் கனமும் கூட வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சோர்ந்துவிடும் என்று எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி சொன்னார்கள். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா பேசி வச்சிருக்காங்க" என்றார் அத்தான். ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு முழம் வயர் மட்டும் வாங்கி வந்து, வீட்டில் உரித்து, சுரண்டி, தீக்குச்சியால் சுட்டு, ஜன்னல் கம்பிகளில் கட்டித் தொங்கவிட்டார். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடங்களில் பரீட்சை தொடங்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் நான் போனபோது, கீழே விழுந்து கிடந்த ஒரு வயர்த் துண்டில் அக்காவின் கால் மாட்டித் தடுமாறினாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "உங்க அத்தான் எனக்குக் கண்ணி வச்சிருக்காரு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு சந்தேகம் முளைத்தது. இந்த மனுஷனுக்கு இந்த வேலை முடிய வேண்டும் என்ற எண்ணமே இல்லையோ? ஊரைச் சந்தேகப்படுகிற சாக்கில் நாளைக் கடத்துகிறாரோ? சந்தேகம் ஒட்டுவாரொட்டி போல. அவரோடு அலைந்து அலைந்து எனக்கும் தொற்றிக்கொண்டது.

இனி இவரை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று அக்காவையே, வயர்ச் சுருளைக் காட்டிய அந்தத் தாடிக்காரர் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அத்தானும் கூடவே வந்தார். வராமல் இருப்பாரா? தாடிக்காரர் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டு, எதிரே இரண்டிரண்டாக ஸ்பீக்கர்களை வைத்து, செய்தி வாசிப்பவர் குரலை ஓடவிட்டார்.

முதல் ஜோடியைக் கேட்டதும் அக்கா முகம் சுளித்தாள். "பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

அடுத்த ஜோடிக்கு, "பல்லு கூசுது, நிறுத்துங்க."

மூன்றாவது, சின்னது. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. அக்கா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு விரலை நீட்டி, "இது ஆளு. அங்க நின்னு பேசறாரு" என்றாள். அவள் காட்டிய இடத்தில் ஸ்பீக்கர் இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் வெறும் சுவர்தான் இருந்தது.

"சரியாச் சொன்னீங்கம்மா" என்றார் தாடிக்காரர். "ரெண்டுலயும் ஒரே குரல் சமமா வந்தா, காதுக்கு நடுவுல ஆள் நிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"அப்ப இந்த ரெண்டையும் எங்க வீட்டு ஹால்ல, சமையலறை வழிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு வச்சா?"

"நடு வழியில நின்னு உங்களைக் கூப்பிடுவாரு."

படிக்கட்டுக்கும் சமையலறைக்கும் இனி குழப்பமே வராது. குரலை நோக்கி நடந்தால் போதும். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, "இதுதான். கட்டிக் குடுங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தான் மெல்ல என் பக்கம் வந்தார். "அவ கேட்டதும் அவன் யோசிக்காம பதில் சொல்றான், கவனிச்சியா? யோசிக்காம சொல்றவன் பொய் சொல்றான்."

"யோசிச்சுச் சொல்லியிருந்தா?"

"பொய்யை யோசிக்கிறான்னு அர்த்தம்."

"அத்தான், உங்களுக்குக் கோயில் கட்டித்தான் கும்பிடணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஸ்பீக்கரை அக்காவுக்காக விட்டுக்கொடுத்தார். வயரும் தாடிக்காரரிடமே எடுத்தார், சுருளின் நடுவில் ஒரு இடத்தில் வெட்டிச் சுரண்டிப் பார்த்த பிறகு. ஆனால் மாட்டுகிற வேலையை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "வெளிய நல்ல வயரைக் காட்டிட்டு, சுவருக்குள்ள அலுமினியத்தைச் சொருகிட்டுப் போயிடுவான். நானே பண்ணிக்கிறேன்."

தாடிக்காரர் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்த வயரில் இரண்டு கம்பிகள் ஒட்டினாற்போல ஓடும். ஒன்றின் தோலில் நீளமாகச் சிவப்புக் கோடு இருக்கும். கோடு உள்ளதை எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு முனையில்தான் மாட்ட வேண்டும், ஒன்றில்கூட மாறிவிடக் கூடாது. அத்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோட்டையே முறைத்துப் பார்த்தார்.

"ஒரு பக்கம் மட்டும் எதுக்குக் கோடு? கீழ எதையாவது மறைச்சிருப்பானோ?"

கத்தி வெளியே வந்தது. எல்லா நுனிகளிலும் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புக் கோட்டைச் சுத்தமாகச் சுரண்டித் தள்ளிவிட்டார். கீழே ஒன்றும் இல்லை. மீதி வயர் சுவருக்குள் போய்விட்டால் எது எந்தக் கம்பி என்றும் தெரியாது. அதனால் என்ன, பாட்டரியும் மீட்டரும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்து மாட்டிக்கொள்கிறேன் என்றார். "அவன் போட்ட கோட்டை விட என் மீட்டரை நான் நம்புவேன்."

ஏணியில் ஏறி, இறங்கி, துளை போட்டு, தும்மி, வீட்டைப் புழுதிக்காடாக்கி, ஒரு வழியாக முடித்தார். படுக்கையறையில் ஒன்று, குளியலறை நடையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, ஹாலில் அந்த இரண்டு. லீவு விடுவதற்குச் சில நாட்களே இருந்தன. முதல் தடவை போட்டுப் பார்க்கிற நாளுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள் அக்கா. அன்றைக்குக் காலையில் ரேடியோவைப் போட்டதும் வீடு முழுக்கச் செய்தி வாசிக்கிற குரல் நிறைந்தது. அக்கா கட்டிலிலிருந்து எழுந்தாள். படுக்கையறையைக் கடந்தாள், நடையைக் கடந்தாள், விறுவிறு என்று ஹாலுக்குள் வந்தாள்.

நின்றுவிட்டாள்.

தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். இரண்டு அடி வைத்தாள். மறுபடி நின்று கையை நீட்டித் துழாவினாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் கால் எடுத்து வைத்தாள். அத்தான் பாய்ந்து போய்த் தோளைப் பிடித்தார்.

"என்ன ஆச்சு? குரல் கேக்குதுல்ல?"

"கேக்குது. ஆனா ஆளு எங்க நிக்கிறாருன்னு தெரியலைங்க. ஹால் பூரா இருக்காரு, எங்கயும் இல்ல. என் தலைக்குப் பின்னாடி நிக்கிற மாதிரிகூட இருக்கு."

எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. கடையில் கேட்ட குரலில் இருந்த கனம் இதில் இல்லை. சோகை பிடித்த மாதிரி இருந்தது. அத்தான் மறுபடியும் மறுபடியும் அவளை நடக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் ஹால் நடுவில் தொலைந்துபோனாள். முதலில் தாடிக்காரரைத் திட்டினார். பழசைக் கொடுத்துவிட்டான் என்றார். பிறகு ஸ்பீக்கரைத் திட்டினார். அதன் பிறகு அக்காவையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வயரைச் சுரண்டும்போது பார்க்கிற பார்வை அது.

"மக சொல்லிக் குடுத்தாளா?" என்றார்.

"என்னது?"

"தெரியாத மாதிரி நடி, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு மக சொல்லிக் குடுத்தாளான்னு கேக்கிறேன். உனக்கு இங்க இருக்கப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிட்டுப் போயேன்."

அக்காவின் முகம் செத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான்! வாய் கூசலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள்.

"விடுடி. போனை எடு. மகளை வரச் சொல்லு. லீவு விட்ட அன்னைக்கே வரச் சொல்லு."

சொல்லிவிட்டு, வந்த வழியே சுவரைத் தடவிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பெட்டியை இழுத்து வெளியே வைக்கிற சத்தமும் கேட்டது. அத்தான் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

நான் மகளைக் கூப்பிடவில்லை. தாடிக்காரரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "ஹால்ல ஒரு ஸ்பீக்கர்ல ரெண்டு கம்பியும் இடம் மாறியிருக்கும்மா. ஒண்ணு காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். நடுவுல நிக்கிற ஆளு காணாமப் போயிடுவாரு. அதைத்தானே அத்தனை தடவை சொன்னேன்?"

போனை வைத்தேன். எனக்குள் முன்பு முளைத்த சந்தேகம் இப்போது மரமாகிவிட்டது. ஒரு போல்ட்டை நான்கு தடவை பார்க்கிற மனுஷன். மீட்டர் வைத்துச் சோதிக்கிற மனுஷன். எல்லா அறையிலும் சரியாக மாட்டியவருக்கு, அக்காவுக்கு எது முக்கியமோ அந்த ஹாலில் மட்டும் எப்படி மாறும்? விடுவிடு என்று மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், ஒண்ணு கேக்கிறேன். மழுப்பாம சொல்லுங்க. ஹால்ல வயர் மாறியிருக்கு. நீங்க வேணும்னேதான் மாத்தி மாட்டினீங்களா?"

என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஹால்ல கடைசி ஸ்பீக்கரை மாட்டிக்கிட்டு இருந்தேன். மீட்டர் வச்சுப் பாத்து, எது எந்தக் கம்பின்னு கையில பிரிச்சுப் பிடிச்சிருந்தேன். உங்க அக்கா குளியலறையிலிருந்து கூப்பிட்டா. துண்டு கீழ விழுந்துடுச்சாம், எங்கன்னு தெரியலயாம். போட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா ரெண்டும் தொங்குது. எது எதுன்னு தெரியல."

"திரும்ப மீட்டர் வச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"பாக்கல."

"நீங்களா பாக்கல?"

"நானேதான். மீட்டர் ஏணி மேலயே இருந்துச்சு. கையை நீட்டினா எடுத்திருக்கலாம். எடுக்கல. ஏதோ ஒண்ணை ஏதோ ஒண்ணுல மாட்டிட்டு இறங்கிட்டேன். என் வாழ்க்கையில நான் சோதிக்காம விட்டது அது ஒண்ணுதான்."

"ஏன்?"

தொட்டியின் காரையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"கல்யாணம் ஆனதிலிருந்து உங்க அக்கா என்னை எதுக்கும் கூப்பிட்டதில்ல. என்னைக் கூப்பிட வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்ல, சின்னவளே. நான் யோசிக்கிறதுக்குள்ள அவளே முடிச்சுடுவா. இப்பதான் கூப்பிடறா. 'என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க'ன்னு. துண்டுக்குக் கூப்பிடறா, செருப்புக்குக் கூப்பிடறா. நான் எந்திரிச்சு ஓடறேன். இந்த ஸ்பீக்கர் சரியா வேலை செஞ்சா அது நின்னுடும்ல?"

"அதனால வேணும்னே செஞ்சீங்க."

"அப்படியும் சொல்லத் தெரியல. இல்லைன்னும் சொல்லத் தெரியல. காலையிலிருந்து அதைத்தான் உள்ளுக்குள்ள சுரண்டிக்கிட்டு இருக்கேன். மக மேல பழியைப் போட்டது அதுக்குத்தானோ என்னவோ. எனக்கே என் மேல சந்தேகமா இருக்கு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று ஏறியவள் நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். கீழே இறங்கி, படுக்கையறை வாசலில் நின்றார். அக்கா புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது நிஜம்தான். வயர் மாறியிருக்கு. மாட்டினது நான்தான். உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"தெரியும்" என்றாள் அக்கா, மடிப்பதை நிறுத்தாமல்.

"எப்படித் தெரியும்?"

"வேற யாரையாவது நீங்க அதைத் தொட விட்டிருந்தாத்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை. என் போனை வாங்கி, அவரே தாடிக்காரரைக் கூப்பிட்டார். "நீங்க வந்து சரி பண்ணிக் குடுங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேன். எதை எதுல மாத்தினீங்கன்னு எங்கிட்டச் சொல்லவும் வேண்டாம்." மறுமுனையில் அவர், "நிஜமாவா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். தாடிக்காரருக்கே இது என்ன பொறி என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மத்தியானம் வந்தார். அத்தான் சொன்னபடியே வெளியே போய், கீழே இறங்கும் படிக்கட்டில் ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஏணி இழுபடுகிற சத்தம் வந்தபோதெல்லாம் அவர் கழுத்து விறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். தாடிக்காரர் ஏறினார், திருகினார், இறங்கினார். அவ்வளவுதான் வேலை. ரேடியோவைப் போட்டதும் செய்தி வாசிக்கிறவர் சமையலறை வழியில் வந்து நின்றார். எனக்கே ஆள் நிற்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, வா" என்று கூப்பிட்டேன்.

அக்கா வந்தாள். ஹால் முனையில் ஒரு நொடி நின்று, முகத்தைத் தூக்கிக் கேட்டாள். பிறகு கையை நீட்டாமல், எதையும் தடவாமல், பழைய நடையில் ஹாலைக் கடந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நுழைந்து, சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். தாடிக்காரர் ஏணியை மடிப்பதில் மும்முரமாக இருந்தார். அத்தான் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே அக்கா மகளிடம் போனில் பேசினாள். "பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா, லீவு முடியிற வரைக்கும் இருந்துட்டுப் போ. ஆனா பெட்டியைத் தூக்கறதுக்குன்னு வராதே." மகள் நம்பவில்லை. நடந்து காட்டச் சொன்னாள். நான் போனைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஹாலில் ஒரு நடை போய் வந்து காட்டினாள்.

தாடிக்காரர் போன பிறகு அத்தான் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். அக்கா அலமாரிக்குப் போனாள், பெட்டியிலிருந்த புடவைகளைத் திரும்ப அடுக்கினாள், குளியலறைக்குப் போனாள், சமையலறைக்குப் போனாள். அவள் காலடி கேட்கும்போதெல்லாம் அத்தான் பாதி எழுந்தார். அவள் கடந்து போனதும் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாத கையை முழங்காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டார். கோபமெல்லாம் போய், பார்க்கவே பாவமாக இருந்தது. நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

அத்தான் விருட்டென்று எழுந்தார். இரண்டு அடி வைத்தவர் நின்றார். மெல்லத் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாடியில நான் சொன்னதை அவகிட்டப் போட்டுக் குடுத்துட்டியா?"

"சத்தியமா இல்ல அத்தான். நான் வாயே திறக்கல." அது உண்மைதான்.

"பின்ன எதுக்குக் கூப்பிடறா? தண்ணி அவளே எடுத்துக்கிட்டா. இப்ப எதுக்கு?"

"என்னைக் கேட்டா? போய் அவளைக் கேளுங்க."

அவர் நம்பவில்லை. என்னை ஒரு தடவை, சமையலறை வழியை ஒரு தடவை பார்த்துவிட்டு, சந்தேகத்தோடேயே உள்ளே போனார். "என்ன வேணும்?" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

"ஒண்ணும் வேண்டாம். சும்மாதான்" என்றாள் அக்கா.

அதன் பிறகு வெகுநேரம் அவர் ஹாலுக்குத் திரும்பி வரவில்லை.